பதினோராவது ரூபாய்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு இந்த ஓரம்தான் வசதி, அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இல்லை, சாமான் எதுவும் இல்லை. அப்பா. அதோ, கடைசிக்கு முந்தின வரிசையில், பச்சைத் துண்டு, மடியில் மஞ்சள் பை. உடனே திரும்பாதீர்கள், அவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரிந்துவிடும். சரி, தெரியட்டும். நன்றாகவே திரும்பிப் பாருங்கள்.

அவர் என்னோடு பேசுவதில்லை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். வீட்டில் அம்மா. பஸ்ஸில் கண்டக்டர். இதோ வருகிறார் பாருங்கள்.

கேட்டீர்களா? "பாப்பா, எதிர்க்காத்து அடிக்குதாம், காதை மூடிக்கிறணுமாம்." அது கண்டக்டருடைய அக்கறை என்றா நினைத்தீர்கள்? தலைமை அலுவலகம் பின்னால் இருக்கிறது.

இந்தக் கண்டக்டரோடும் எனக்கு ஒரு சண்டை ஆகிவிட்டது. நீங்கள் மில் கேட்டில் ஏறினீர்கள், அதனால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. நான் சீட்டு கேட்டேன். "பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானம்மா, அதுக்கு எதுக்கு சீட்டு, போய் உட்காரு" என்றார். ஃப்ரீ என்றாலும் சீட்டு தரவேண்டும் என்றேன். "ஓசியில போறதுக்கு இவ்வளவு கேள்வியா" என்றார். ஓசி இல்லை சார், வரி, என் அம்மா தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறாள், அந்த வரியில் ஓடுகிற வண்டி இது என்றேன். கிழித்துக் கொடுத்தார். உங்களுக்குக் கொடுத்தாரா? அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது சலுகை இல்லை அக்கா, உரிமை. காதைக் குடைய எடுக்காதீர்கள்.

நீங்கள் எங்கே போகிறீர்கள்? சரி, அப்புறம் சொல்லுங்கள். நாங்கள் மூங்கிலடி விலக்கு வரைக்கும். நேரம் இருக்கிறது. ஒரு நியாயம் கேட்கவேண்டும். எங்கள் வீட்டில் நியாயம் கேட்க ஆள் இல்லை. அப்பா பேசுவதில்லை, அம்மா பேசுவதை மட்டும்தான் செய்வாள், கேட்பதில்லை. நீங்கள் மூன்றாம் மனிதர். நடுவர் மாதிரி.

நடுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. என் பெயர் அங்கயற்கண்ணி. எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருஷம். பல்கலைக்கழகத்தில் பட்டிமன்றம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எந்த அணியில் போட்டாலும் பேசுவேன். ஒருமுறை நடுவர் மணியடித்து, மைக்கையும் அணைத்த பிறகுகூட முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த விஷயத்தை நான் சும்மா எடுக்கவில்லை, பயிற்சியோடு எடுத்தேன் என்று தெரியவேண்டும் அல்லவா?

விஷயம் இதுதான். எங்கள் சேவூரணியில் ஒரு நகராட்சி மருந்தகம். முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஒரே டாக்டர், எப்சிபா என்று பெயர், நாகர்கோவில் பக்கம். காய்ச்சலா, சர்க்கரையா, பிரஷரா, குழந்தைக்குச் சளியா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு அம்மாதான். சும்மா பார்த்துக்கொண்டிருந்த இடம். நகராட்சியில் திடீரென்று ஒரு தீர்மானம் போட்டார்கள், இனிமேல் டாக்டரைப் பார்க்க ஒரு தடவைக்குப் பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்று. சேர்மன் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். சும்மா கொடுத்தால் ஜனங்களுக்கு மதிப்புத் தெரியாதாம். அவருக்கு நகராட்சி கார் சும்மாதான் கொடுத்திருக்கிறது. அதன் மதிப்பு தெரிகிறதா என்று யாராவது கேட்டார்களா?

நான் விடுமுறைக்கு வந்தபோதுதான் இது தெரிந்தது. அம்மா ஏதோ பேச்சோடு பேச்சாக, "அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் பதினொரு ரூவா எடுத்து வைக்கணும்" என்றாள். எனக்குக் கையில் இருந்த தோசை அப்படியே நின்றுவிட்டது. என்னது? அரசாங்க ஆஸ்பத்திரியில் காசா? அம்மா, அரசியல் சாசனம் நாற்பத்தேழாவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா?

"தெரியாதுடி. ஆறிப்போறதுக்குள்ள தோசையைத் தின்னு."

இதுதான் அக்கா, நான் ஆரம்பித்த இடம். இப்படிப்பட்ட மண்ணில்தான் நான் விதை போட்டேன்.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். எல்லோரும் கொதித்துப்போய் இருப்பார்கள், ஒரு குரல்தான் தேவை, அந்தக் குரல் நான் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒருத்தர்கூடக் கொதிக்கவில்லை. "பத்து ரூவாதானம்மா, ஒரு டீக்காசு" என்றார்கள். அந்த டீக்காசு என்கிற வார்த்தைதான் சூழ்ச்சி என்றேன். இன்றைக்கு டீ, நாளைக்கு டிபன், அதற்கப்புறம் மொத்தச் சாப்பாடு. "சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார்கள்.

சரி, நேரில் போய்ப் பார்க்கலாம் என்று அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா பெயர் வீரணன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷர் உண்டு. வாழ்நாள் முழுக்க எந்த டாக்டர் சொல்லையும் கேட்காதவர், எப்சிபா டாக்டர் சொன்னால் மட்டும் கேட்பார். ஏனென்றால் அந்த அம்மா முதல் நாளே, "ஐயா, உங்க லைன்ல வோல்டேஜ் கூடுதலா ஓடுது. இந்த மாத்திரை ஸ்டெபிலைசர் மாதிரி. தினம் போடணும். பல்பு வெடிச்ச பொறவு ஸ்டெபிலைசரைக் கொண்டு மாட்டி என்ன பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து விடியற்காலை மாத்திரை. மாதம் ஒருமுறை டாக்டர். போய் ஒரு மணி நேரம் கதை பேசுவார். தூக்கம், மலம், மருமகன், எல்லாம் சொல்வார். எங்களுக்கு மருமகனே இல்லை, பக்கத்து வீட்டு மருமகன்.

அன்றைக்குக் கவுண்டரில் நான் என் கண்ணால் பார்த்தேன். ஜெயக்கொடி என்று ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். அப்பா பத்து ரூபாய்த் தாளை நீட்டினார். அதன்மேல் ஒரு ஒற்றை ரூபாய் நாணயத்தை வைத்தார். அந்த அம்மா தாளை மேஜை டிராயரில் போட்டார், ரசீது கிழித்தார். நாணயத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். டிங். அடுத்த ஆள். தாள், நாணயம், ரசீது, டிங். அடுத்த ஆள். டிங்.

என்னப்பா இது என்று கேட்டேன். கட்டணம் பத்துதானே, போர்டில் எழுதியிருக்கிறதே?

"பத்துன்னு முழுசா எப்படித்தா குடுக்கிறது? மேல ஒண்ணு வைக்கணும்ல?"

மொய்யா அப்பா எழுதுகிறீர்கள்? கல்யாணத்தில் நூற்றொன்று வைப்பார்கள், சரி, உறவு முடிந்துவிடக்கூடாது, தொடரவேண்டும் என்று ஒரு ஐதீகம். ஆஸ்பத்திரியில் எதற்கு அந்த ஒன்று? வியாதி தொடரவா?

இதற்குப் பதிலே இருக்காது என்று நினைத்தேன் அக்கா. பட்டிமன்றமாக இருந்தால் இந்த இடத்தில் கைதட்டல். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளு தொடரணும்ல, கழுத" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பொறி தட்டிவிட்டது. பத்துக்கு ரசீது இருக்கிறது. பதினோராவது ரூபாய்க்கு ரசீது இல்லை. ரசீது இல்லாத பணத்துக்கு உலகம் முழுக்க என்ன பெயர்?

நீங்கள் வாயால் சொல்லவேண்டாம், உங்கள் முகமே சொல்கிறது.

உள்ளே சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் எடுத்து முடித்ததும் நர்ஸ் ஆளுக்கு ஒரு பன்னும் டீயும் கொடுத்தார். நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் ஒரு பன் வந்தது. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, உள்ளே செர்ரி. ஆனால் என் கவனமெல்லாம் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மேல்தான்.

மனு எழுத உட்கார்ந்தேன். மனு என்றால் பாதிக்கப்பட்டவர் ஒருவராவது வேண்டும். கட்டணம் கொடுக்க முடியாமல் திரும்பிப் போன ஏழை ஒருவர். தேடினேன். ஊரில் ஏழைகளுக்குப் பஞ்சமில்லை, திரும்பிப் போனவர்தான் கிடைக்கவில்லை. கடைசியில் கருவாட்டுக் கடை சுடலியக்காவைப் பிடித்தேன். அக்கா, உங்களிடம் பத்து ரூபாய் இல்லாதபோது என்ன செய்வீர்கள் என்றேன்.

"டாக்டரம்மா பாத்துட்டு, இவுங்களுக்குச் சீட்டு வேணாம், சும்மா எழுதுன்னு சொல்லிரும்."

அப்போது காசே கொடுக்கமாட்டீர்களா?

"அதெப்படி? ஒத்த ரூவாயைப் போட்டுருவேன்."

பாருங்கள் அக்கா அக்கிரமத்தை! சட்டப்படியான பத்தை விட்டுவிடுகிறார்கள். சட்டத்துக்குப் புறம்பான ஒன்றை மட்டும் வசூலிக்கிறார்கள். அதுவும் ஏழையிடம்! எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபத்தில் இல்லை, சந்தோஷத்தில். இவ்வளவு நல்ல வாதம் எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை.

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் போய் மனுவைக் கொடுத்தேன். இரண்டே கோரிக்கை. ஒன்று, கட்டணத்தை ரத்து செய். இரண்டு, பதினோராவது ரூபாய் எங்கே போகிறது, விசாரி. யாரையும் மாற்று என்றோ தூக்கு என்றோ ஒரு வார்த்தை நான் எழுதவில்லை. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லும்போது வேண்டும்.

மனு போனதும் எங்கிருந்தோ கவுன்சிலர் தங்கமாயன் வந்தார். எதிர்க்கட்சி. அடுத்து சேர்மன் ஆகவேண்டும் என்று கனவு. "தங்கச்சி, நீ பேசு, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். மற்றது என்றால் பந்தல், மைக் செட், ஆட்கள், பிரியாணி. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆர்ப்பாட்டம். ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். நான் பெஞ்சு மேல் ஏறி நின்று பேசினேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சு அக்கா அது. நோய்க்கு வரி போடுகிற முதல் அரசு இது என்றேன். இருமினால் பத்து, தும்மினால் பத்து என்றேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். கொஞ்சம் முன்னால் பின்னால் இருந்தது, நான் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் தட்டினார்கள், ஆனால் உணர்வு இருந்தது.

பாதியில் டாக்டர் வெளியே வந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். சண்டைக்கு வருகிறார் என்று நானும் தயாரானேன். "மக்களே, அந்த மைக்கைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு. இதைக் காதுல மாட்டினா நெஞ்சு துடிக்கிறது கேக்கல, நீ பேசுறதுதான் கேக்குது" என்றார். மக்களே என்றது என்னைத்தான், அவர் ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார். ஒரு எதிர்வாதம்கூட இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஜெயித்தும்விட்டேன். தேர்தல் வருகிறது, சேர்மன் பயந்துவிட்டார். கட்டணம் ரத்து. போர்டை அழித்தார்கள். எங்கள் ஊர் வரலாற்றில் ஒரு மனுவால் ஒரு தீர்மானம் ரத்தானது அதுதான் முதல் முறை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். இனிமேல் நீங்கள் ஒரு பைசா கொடுக்கவேண்டாம் அப்பா. அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "அப்ப அந்தம்மா என்னைய ஏன் பாக்கணும்?" என்று கேட்டார்.

உரிமை அப்பா, உங்கள் உரிமை.

"உரிமைன்னா ரெண்டு கேள்வி கேக்க முடியுமா? காசு குடுத்தா கேக்கலாம்."

நான் கரண்டு பில்லிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். பாதியில் தூங்கிவிட்டார்.

அடுத்தது விசாரணை. ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கைப்பற்றினார். கொடுத்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். டாக்டர் கேட்டு வாங்கினாரா? "ஐயோ இல்லைங்க, நாங்களா வச்சது." ஏன் வைத்தீர்கள்? "பத்துன்னு எப்படிங்க குடுக்கிறது?" அதிகாரி எங்கள் பக்கத்து ஆள் இல்லை, எந்த ஊர்க்காரரோ, அவருக்கு மண்டை காய்ந்துவிட்டது. அந்தப் பணம் எங்கே போனது என்றார். டாக்டர், பன்னுக்கும் டீக்கும் என்றார். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் மயங்கி விழக்கூடாது என்று வாங்கிக் கொடுத்தாராம். பாட்டிலில் பத்தாதபோது சொந்தக் காசும் போட்டாராம்.

அதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார் அதிகாரி. சரியான கேள்விதான், இல்லையா அக்கா? பன் நல்லது, நான் மறுக்கவில்லை, நானே சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது.

அப்பாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கடைசியில், "மனு கொடுத்த பெண் உங்க மகளா?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வரும்போது டாக்டர் வராந்தாவில் நின்றுகொண்டு, "பரவால்ல ஐயா. மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க" என்றார். அப்பா அங்கேயே நின்றுவிட்டாராம். அம்மா சொன்னாள். எனக்கு அவர் சொல்லவில்லை, அன்றிலிருந்துதான் என்னிடம் பேச்சில்லையே.

டாக்டருக்கு இடமாற்றம். மூங்கிலடி, மலையடிவாரம், அரசு ஆரம்ப சுகாதார நிலையம். நிர்வாகக் காரணம் என்று போட்டிருந்தார்கள். ஊரே என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தது. நான் இடமாற்றம் கேட்டேனா? விசாரணைதானே கேட்டேன்? விசாரணைக்கும் இடமாற்றத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் நான் என்ன செய்யமுடியும்?

தூங்குகிறீர்களா? இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறீர்கள். நல்ல நடுவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

கட்டணம் போனதும் ஒரு நல்லது நடந்தது, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கூட்டம் கூடியது. அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் இருமிக்கொண்டு வீட்டிலேயே கிடந்த ஒரு சலவைக்காரம்மா வந்து, காசநோய் என்று தெரிந்து, இப்போது மருந்து சாப்பிடுகிறார். அது யாரால்? சொல்லுங்கள். அந்த ஒரு ஆளுக்காக நான் இன்னும் நூறு மனு எழுதுவேன்.

கூட்டம் கூடினால் இன்னொரு டாக்டரைப் போடவேண்டும் அல்லவா? நகராட்சி மின்விசிறி போட்டது. இருந்த ஒரு டாக்டரையும் மாற்றிவிட்டு, புதிதாக ஒரு பையனை அனுப்பியது. பாவம், நல்ல பையன்தான், நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அப்பா போய் நின்றார். "என்ன?" என்றான். அப்பா தூக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மலத்துக்கு வருவதற்குள் சீட்டு எழுதி நீட்டிவிட்டான். அப்பா அதன்மேல் ஒரு ரூபாயை வைத்தார். அந்தப் பையன் நாற்காலியோடு பின்னால் போய், "ஐயோ, காசெல்லாம் நீட்டாதீங்க, இந்த ஊர்ல மனு போட்டுருவாங்க!" என்று கத்தினானாம்.

என் புகழ் அந்த அளவுக்குப் பரவியிருந்தது.

அப்பா அந்த நாணயத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம், "வாங்க மாட்டேன்னுட்டான். வாங்காதவன் குடுத்தது எப்படிப் பலிக்கும்?" என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் வாதாடினேன். மாத்திரை ரசாயனம் அப்பா, அதற்கு நீங்கள் காசு கொடுத்தீர்களா இல்லையா என்று தெரியாது. அம்மாவிடம், "அவளுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லு" என்றார்.

அப்புறம் போன மாதம் ஒரு கல்யாணம். சொந்தம்தான். மொய் எழுதும் இடத்தில் நிற்கிறார். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டார். மேலே வைக்க ஒற்றை ரூபாயைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவுகிறார், வேட்டி மடிப்பைத் துழாவுகிறார். அப்படியே சரிந்துவிட்டார். மொய் எழுதிக்கொண்டிருந்தவர் மேலேயே. நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். பந்தியில் பாதிப் பேர் இலையோடு எழுந்து வந்தார்கள்.

நான் அப்போது சாம்பாருக்காகக் காத்திருந்தேன். ஓடினேன் அக்கா. அவர் தலை என் மடியில் இருந்தது. அவ்வளவு பெரிய மனுஷன், கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு கீழே நிற்கிற எனக்குக் கை ஆட்டுவார், சின்ன வயதில். கண்ணைத் திறந்து பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற அம்மா பக்கம் முகத்தைத் திருப்பி, "ஒத்த ரூவா வச்சாச்சான்னு கேளு" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மாத்திரையை விட்டால் அடுத்த முறை விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று அங்கே ஒரு டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அப்பாவிடம் அம்மா கெஞ்சினாள். எப்சிபாகிட்டன்னா வாரேன் என்று ஒரே பிடி. நான் டாக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். யார் பேசுகிறேன் என்று சொன்னதும், "கூட்டிட்டு வாம்மா. ஆனா அந்தப் பதினோரு ரூவா மட்டும் வேண்டாம்னு ஐயாட்ட சொல்லு. உன் புண்ணியத்துல நான் ஏற்கெனவே ஒரு தடவை பெட்டி கட்டிட்டேன்" என்றார்.

புண்ணியம் என்ற வார்த்தையை அவரே சொன்னார். மலைக்காற்று அவருக்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது.

இப்போது பிரச்சினை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்பா கொடுக்காமல் மாத்திரை சாப்பிடமாட்டார். டாக்டர் வாங்கினால் மறுபடியும் பெட்டி கட்டவேண்டும். நடுவில் நான். விடிய விடிய யோசித்தேன். வழி கண்டுபிடித்துவிட்டேன். இதோ பையில் இருக்கிறது, புது மனு. மூங்கிலடி சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்கக் கட்டணம் விதிக்கக் கோரி.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முரண்பாடு இல்லை அக்கா. நான்தான் சொன்னேனே, எந்த அணியில் போட்டாலும் பேசுவேன். அதோடு பத்து ரூபாய் இல்லை, பதினொன்று. சட்டப்படி, ரசீதோடு, முழுப் பதினொன்று. விரும்பியவர்கள் மட்டும் கட்டலாம், முடியாதவர்களுக்குக் கிடையாது. அப்பாவுக்குப் பதினொன்று ஆயிற்று, டாக்டருக்கு ரசீது ஆயிற்று. இதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

இருங்கள், கண்டக்டர் வருகிறார். ஏறும்போதே அவரிடம் இதைச் சொல்லி, அப்பாவிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். என்ன சார் சொன்னார்?

"பதினொண்ணுன்னு கவருமெண்ட்டே போட்டுட்டா, அது வெலையாம்மா. அதுக்கு மேல அவர் ஒண்ணு வைக்கணுமாம். அப்பப் பன்னெண்டு ஆயிருமாம், பன்னெண்டு ஆகாதாம். என்ன குடும்பம்மா உங்குது? நான் டிக்கெட் போடுறதா, தூது போறதா?"

கேட்டீர்களா அக்கா? இப்படிப்பட்ட மனுஷரோடு எந்த அரசியல் சாசனம் வைத்துப் பேசுவது? அப்படியானால் அந்த ஒன்று யாரும் கேட்காததாகவே இருக்கவேண்டுமாம். கேட்டால் கட்டணம், கேட்காவிட்டால் லஞ்சம். நடுவில் ஓர் அங்குலம்கூட இடமில்லையே? நான் எம்.ஏ. படிக்கிறேன், எனக்குத் தெரிந்து அதற்கு ஒரு சட்டப்பிரிவு இல்லை.

அதோ, மலை தெரிகிறது. அடுத்த நிறுத்தம்தான். நீங்கள் எங்கே இறங்கவேண்டும்? இங்கேயா? மூங்கிலடி விலக்கிலா? யாரைப் பார்க்க? எந்த டாக்டர்? எப்சிபா டாக்டரையா?

இருங்கள். மில் கேட்டிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறீர்களா? மாதா மாதமா? பின்னால் எழுந்து நிற்கிறார்களே, அவர்கள் எல்லோருமா? நீங்கள் அப்போதே சொல்லியிருக்கலாமே அக்கா. நான் எங்கே பேச விட்டேன்? ஏதாவது ஓர் இடத்தில் குறுக்கே பேசியிருக்கலாமே.

என்ன, ஆர்ப்பாட்டத்துக்கும் வந்தீர்களா? வேனிலா? அந்தக் கைதட்டல்... ஓ. பிரியாணிப் பொட்டலத்தில் முட்டை இல்லையா? அதைத் தங்கமாயனிடம்தான் கேட்கவேண்டும்.

சரி, அதை விடுங்கள், ஒன்று சொல்லுங்கள். அங்கே டாக்டர் காசு வாங்குகிறாரா? வாங்குவதில்லையா? அப்புறம் உங்கள் கையில் என்ன அது, பத்து ரூபாயும் மேலே ஒற்றை ரூபாயும்? எதிர் டீக்கடையிலா? கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவீர்களா? அவர் பன் கொடுத்து அனுப்புவாரா, ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கு? டாக்டருக்குத் தெரியுமா? தெரியாத மாதிரி இருக்கிறாரா? நகராட்சி இல்லை, பாட்டில் இல்லை, டாக்டர் கை படவில்லை... அப்பா அங்கே வைத்தால் போதுமா? பலிக்குமா? உங்களுக்குப் பலித்ததா?

அக்கா, உங்களிடம் இன்னொரு ஒற்றை ரூபாய் இருக்குமா? என்னிடம் பத்துதான் இருக்கிறது. அவரிடம் இருக்குமோ என்னவோ, மறுபடியும் மடிப்பைத் துழாவிக்கொண்டு நின்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. கடனாகத்தான் கேட்கிறேன். திருப்பித் தரவேண்டாமா? சரி, அதைப் பற்றி அப்புறம் வாதாடுவோம்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அக்கா. அந்த டீக்கடைக்காரர் ரசீது ஏதாவது...

"ஏத்தா, வாயைப் பொத்திக்கிட்டு எறங்கு. அந்தம்மாவையாவது எறங்க விடு, கழுத."

கேட்டீர்களா அக்கா? கண்டக்டர் முன்னால் நிற்கிறார், படிக்கட்டில். நடுவில் யாரும் இல்லை. என்னிடம் சொன்னார். நேராக என்னிடம்தான் சொன்னார்.

இறங்குகிறேன் அப்பா. பார்த்து. கையைக் கொடுங்கள்.